உள்ளூர்ப் புகையிலைக் கடையா, ஆன்லைனா? ஒரு பைப் டப்பாவின் விலைக்குப் பின்னால் இருக்கும் வரலாறு



கொஞ்சம் நீளமான இழை. டீ ஒண்ணு போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

1/
2017-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் என் பள்ளித் தோழன் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான்.

"மாப்ள.. நான் பைப் பிடிக்கிறது உனக்குத் தெரியும். 'விட்டுரு'ன்னு ஆரம்பிச்சுடாத. இது வேற கேள்வி. எங்க ஊர்க் கடையில ஒரு டப்பா 18 டாலர். அதே கம்பெனி, அதே டப்பா, ஆன்லைன்ல 10 டாலர். கடைக்காரர் வயசானவர், ரொம்ப நல்ல மனுஷன். பத்து வருஷப் பழக்கம். அவர்கிட்டயே வாங்கறதுதான் நியாயமா? இல்ல நான் ஏமாளியா?"

2/
நான் அனுப்பின பதில் ஒரே வரி.. "ரெண்டு இடத்துலயும் வாங்காத."

ரொம்ப புத்திசாலித்தனமா பதில் சொல்லிட்டதா நினைப்பு எனக்கு. அவன் ஒரு சிரிப்பு பொம்மை அனுப்பிட்டு ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டான்.

அதுக்கப்புறம் நடந்ததைக் கடைசியில் சொல்றேன் (அவன் அனுமதியோடுதான்). முதல்ல அவன் கேட்ட கேள்விக்கு நான் அன்னிக்கே சொல்லியிருக்க வேண்டிய பதில். அந்த 8 டாலர் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? இதைத் தேடிப் போனால் நம்ம மருத்துவத் துறை வாசல்லயும் வந்து நிற்கும்.

3/
பைப்னா தெரியும்தானே? பழைய சினிமாவில் எஸ்டேட் முதலாளி டிரெஸ்ஸிங் கவுன் போட்டுக்கிட்டு மாடிப்படியில் இறங்கி வருவாரே.. அவர் வாயில் இருக்கும் மரக்குழாய். அதுக்குள்ள அடைக்கிற புகையிலை தனி வகை. பல ஊர் இலைகளைக் கலந்து, அழுத்தி, பதப்படுத்தி டப்பாவில் வரும்.

நம்ம ஊரில் இதைப் பிடிப்பவர்கள் வெகு சிலர். ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே தனிக் கடைகள் இருந்தன. நூறு, இருநூறு வருடம் நடந்த கடைகள்.

4/
லண்டனில் ஹேமார்க்கெட் தெருவில் ஃப்ரைபர்க் அண்ட் டிரேயர் என்று ஒரு கடை. 1720-ல் தொடங்கியது. மூக்குப்பொடிக்கும் புகையிலைக்கும் பேர் போன இடம். 1981-ல்தான் மூடினார்கள். 260 வருடம்!

நம்ம திருச்சி சுருட்டும் அந்தக் காலத்து லண்டனில் பிரபலம். ஷெர்லக் ஹோம்ஸ் வரும் முதல் நாவலிலேயே (1887) தரையில் கிடக்கும் சாம்பலைப் பார்த்து "இது டிரிச்சினாப்பொலி சுருட்டு" என்று துப்பறிவாளர் கண்டுபிடிப்பார். லண்டன் வாசகருக்கு அதை விளக்கிச் சொல்லவே தேவையில்லாத அளவுக்குத் தெரிந்த சரக்கு.

5/
1907-ல் ஆல்ஃப்ரெட் டன்ஹில் லண்டன் டியூக் தெருவில் கடை திறந்தார். அவர் செய்த வேலை என்ன தெரியுமா? ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவரவர் ருசிக்கு ஏற்ப புகையிலையைக் கலந்து கொடுத்து, அந்தக் கலவையை எண் போட்டு ஒரு பேரேட்டில் எழுதி வைத்துக்கொண்டார். அடுத்த முறை வந்து எண்ணைச் சொன்னால் போதும். நல்லாப் போன கலவைகளைப் பிற்பாடு டப்பாவில் அடைத்து எல்லோருக்கும் விற்றார்கள். "மை மிக்ஸ்சர் 965" அப்படி வந்ததுதான்.

நம்ம ஊர்ல டாக்டர் சீட்டைப் பார்த்து கம்பவுண்டர் பாட்டில்ல மிக்ஸர் கலந்து கொடுத்த காலம் ஞாபகம் இருக்கா? கிட்டத்தட்ட அதே மாதிரி. இந்தக் கம்பவுண்டரை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி மறுபடி வருவார்.

6/
அமெரிக்காவிலும் இப்படிக் கடைகள் உண்டு. சிகாகோவில் ஐவன் ரைஸ், 1857 முதல். ஹார்வர்டு பல்கலைக்கழக வாசலில் லெவிட் அண்ட் பியர்ஸ், 1883 முதல். இந்த இரண்டும் இன்னும் இருக்கின்றன.

அங்கே போனால் கண்ணாடி ஜாடிகளில் கலவைகள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கலாம். பைப் அடைச்சுப்போனா சுத்தம் பண்ணித் தருவாங்க. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம். நம்ம ஊர் சலூன் மாதிரின்னு வச்சுக்கோங்களேன்.

7/
"விலை குறைவா இருக்கா, தெரிஞ்ச கடையா?" என்கிற சண்டை இணையத்தோடு பிறக்கவில்லை.

1880-களில் பான்சாக் என்ற இயந்திரம் வந்தது. ஒரு நாளைக்கு சுமார் 1,20,000 சிகரெட் சுற்றித் தள்ளும். அதை வைத்து ஜேம்ஸ் டியூக் என்பவர் போட்டியாளர்களை ஒவ்வொருவராக விழுங்கி, 1890-ல் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியைக் கட்டினார். 1901-ல் யுனைடெட் சிகார் ஸ்டோர்ஸ் என்ற சங்கிலிக் கடைகள் தொடங்கின. அதுக்குப் பின்னாடி இருந்ததும் டியூக் கம்பெனியின் பணமே. விலை குறைவு, கூப்பன் சேர்த்தால் பரிசு. தனிக்கடைக்காரர்கள் தவித்துப் போனார்கள்.

1911 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டியூக்கின் கூட்டு நிறுவனத்தைக் கலைக்கச் சொன்னது. ஆனால் சங்கிலிக் கடைகள் போகவில்லை. 1920-களில் ஆயிரத்துக்கும் மேலாகப் பெருகின.

8/
அடுத்தது தபால். 1913 ஜனவரி 1 அன்று அமெரிக்க அஞ்சல் துறை பார்சல் சேவையைத் தொடங்கியது. கிராமத்தில் இருப்பவரும் நகரத்துச் சரக்கை வீட்டுக்கே வரவழைக்கலாம். நியூயார்க்கின் வாலி ஃபிராங்க் போன்ற கடைகள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து பைப்பையும் புகையிலையையும் தபாலில் விற்றன. சிகாகோ ஐவன் ரைஸும் பட்டியல் அச்சடித்து அனுப்பி விற்ற கடைதான்.

ஆக, "உள்ளூர்க் கடை நல்லவன், தபால் வியாபாரி கெட்டவன்" என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. பல சமயம் இரண்டும் ஒரே ஆள்.

9/
தபால் வந்ததும் கூடவே வரி ஏய்ப்பும் வந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வரி. வரி குறைந்த மாநிலத்திலிருந்து தபாலில் சிகரெட் வாங்கினால் லாபம்.

1949-ல் ஜென்கின்ஸ் சட்டம் கொண்டு வந்தார்கள். வெளிமாநிலத்துக்கு சிகரெட் அனுப்பும் வியாபாரி, யாருக்கு அனுப்பினோம் என்று அந்த மாநில வரித்துறைக்குச் சொல்ல வேண்டும்.

கவனிங்க.. *சிகரெட்*. பைப் புகையிலை அந்தச் சட்டத்தில் இல்லை. முதல் ஓட்டை.

10/
இப்போ நம்ம துறைக்கு வருவோம்.

1795-லேயே ஜெர்மானிய உடற்கூறியல் வல்லுநர் சோமரிங், பைப் பிடிப்பவர்களுக்குக் கீழ் உதட்டில் புற்றுநோய் வருவதை எழுதி வைத்துவிட்டார். 1950-ல் லண்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். அடுத்த வருடமே பிரிட்டிஷ் டாக்டர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, அவர்களில் யார் யார் எதனால் சாகிறார்கள் என்று ஐம்பது வருடம் பின்தொடர்ந்த பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள்.

11/
1964 ஜனவரி 11, சனிக்கிழமை. அமெரிக்க சர்ஜன் ஜெனரல் லூதர் டெர்ரி அந்தப் புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டார். பங்குச் சந்தை ஆட்டம் கண்டுவிடக் கூடாது என்று விடுமுறை நாளாகப் பார்த்து வெளியிட்டார்கள். "சிகரெட் நுரையீரல் புற்றுக்குக் காரணம்" என்று அரசே சொன்ன நாள்.

அதே அறிக்கை பைப் பற்றி இரண்டு விஷயம் சொன்னது.
ஒன்று.. பைப்புக்கும் உதட்டுப் புற்றுக்கும் தொடர்பு உறுதி.
இரண்டு.. பைப் பிடிப்பவர்களின் மொத்த இறப்பு விகிதம், புகைக்காதவர்களை விட அதிகமாக இருந்தாலும் மிகச் சிறிதளவே அதிகம்.

12/
மக்கள் எதைப் பிடித்துக்கொண்டார்கள்னு நினைக்கிறீங்க?

இரண்டாவதைத்தான்! அந்த வருடம் சிகரெட் விற்பனை கொஞ்சம் சரிந்தது. சுருட்டும் பைப்பும் ஏறியது. "டாக்டரே சொல்லிட்டார்" என்று சிகரெட்டை விட்டு பைப்புக்கு மாறியவர்கள் ஏராளம். 1965 கணக்குப்படி அமெரிக்க ஆண்களில் சுமார் 14 சதவீதம் பேர் கையில் பைப்.

அறிக்கை எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. அன்றைக்குக் கையில் இருந்த தரவு அது. ஆனால் அந்தத் தரவு யாரைப் பற்றியது? வாழ்நாள் முழுக்க பைப் மட்டும் பிடித்து, புகையை உள்ளே இழுக்காத ஆட்களைப் பற்றியது.

13/
இதில் கொஞ்சம் உடலியங்கியல் பார்த்துடலாம். ரெண்டே நிமிஷம்.

சிகரெட் புகை லேசான அமிலத்தன்மை கொண்டது. அதில் உள்ள நிகோடின் வாய் வழியாக ரத்தத்தில் சரியாகச் சேராது. அதனால் நுரையீரலுக்குள் இழுத்தே ஆகவேண்டும். பைப், சுருட்டுப் புகை காரத்தன்மை அதிகம். வாயின் உள்தோலே நிகோடினை உறிஞ்சிவிடும். இழுக்க வேண்டிய அவசியம் குறைவு. அதனால் நுரையீரல் கொஞ்சம் தப்பிக்கிறது. உதடு, நாக்கு, தொண்டை, குரல்வளை மாட்டிக்கொள்கிறது.

ஆனா ஏற்கெனவே சிகரெட் பிடிச்சுப் பழகினவன் பைப்புக்கு மாறினால்? பழக்க தோஷம்.. அதையும் உள்ளே இழுப்பான். 1964-க்குப் பிறகு மாறின கூட்டத்துக்கு அந்த ஆறுதல் வாக்கியம் பொருந்தவே பொருந்தாது.

14/
பிறகு பைப்பே மெல்லத் தேய்ந்தது. 1991-ல் ஆண்களில் 2 சதவீதம்தான். 1960-களின் நடுவில் வருடத்துக்குச் சுமார் 5 கோடி பவுண்டு விற்ற பைப் புகையிலை, 2003-ல் 50 லட்சம் பவுண்டாகச் சுருங்கியது.

பத்தில் ஒரு பங்கு வியாபாரத்தை வைத்துக்கொண்டு எத்தனை கடை தாங்கும்? ஆக, உள்ளூர்க் கடைகளை இணையம்தான் கொன்றது என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. இணையம் வரும்போதே பல கடைகள் ஐசியூவில் இருந்தன.

15/
இணையத்துக்குக் கதவைத் திறந்து வைத்தது ஒரு தீர்ப்பு. 1992, குவில் வழக்கு. "ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாத வியாபாரியிடம், விற்பனை வரியை வசூலித்துக் கொடு என்று அந்த மாநிலம் கேட்க முடியாது" என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். வழக்கில் ஜெயித்தது எழுதுபொருள் விற்கும் தபால் கம்பெனி. அடுத்த கால் நூற்றாண்டு லாபம் பார்த்தது ஆன்லைன் கடைகள்.

2005-ல் மாநில அரசு வழக்கறிஞர்கள் கிரெடிட் கார்டு நிறுவனங்களோடு பேசி, ஆன்லைன் சிகரெட் விற்பனைக்குப் பணம் செலுத்துவதை நிறுத்தினார்கள். கூரியர் நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன.

மறுபடியும் கவனிங்க.. இலக்கு *சிகரெட்*. இரண்டாவது ஓட்டை.

16/
இப்போ கதையின் உச்சம். 2009 ஏப்ரல் 1.

ஏழைக் குழந்தைகளின் மருத்துவக் காப்பீட்டுக்குப் பணம் திரட்ட, புகையிலை மீதான மத்திய கலால் வரியை அமெரிக்க அரசு ஏற்றியது. நல்ல காரியம். ஆனா எப்படி ஏத்தினாங்க பாருங்க..

கையால் சுற்றும் சிகரெட் புகையிலை: பவுண்டுக்கு 1.10 டாலரிலிருந்து 24.78 டாலர்.
பைப் புகையிலை: அதே 1.10 டாலரிலிருந்து 2.83 டாலர்.

எது பைப் புகையிலை? தோற்றம், வகை, பேக்கிங், லேபிள் இதையெல்லாம் பார்த்தால் பைப்புக்கு வாங்குவார்கள் என்று தோன்றவேண்டும். அதுதான் சட்டத்தின் வரையறை. அளந்து பார்க்க எந்தப் பரிசோதனையும் இல்லை.

17/
விளைவு? சிகரெட் சுற்றுகிற அதே புகையிலைப் பைகளில் "பைப் புகையிலை" என்று புது லேபிள் ஒட்டினார்கள்.

அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2012-ல் வெளியிட்ட கணக்கு:
2009 ஜனவரியில் மாதம் சுமார் 2,40,000 பவுண்டு விற்ற "பைப் புகையிலை", 2011 செப்டம்பரில் 30 லட்சம் பவுண்டைத் தாண்டியது. அதே காலத்தில் கையால் சுற்றும் புகையிலை 20 லட்சத்திலிருந்து 3,15,000 பவுண்டுக்கு விழுந்தது.

மூன்றே வருடத்தில் அமெரிக்கர்கள் எல்லாரும் எஸ்டேட் முதலாளி ஆகிட்டாங்களா என்ன? லேபிள் மட்டும்தான் மாறியது. சுருட்டிலும் இதே விளையாட்டு. எல்லாம் சேர்த்து அரசுக்கு 61.5 கோடி முதல் 110 கோடி டாலர் வரை வரி இழப்பு என்று அதே அறிக்கை மதிப்பிட்டது.

18/
2010-ல் பாக்ட் சட்டம். சிகரெட், கையால் சுற்றும் புகையிலை, வாயில் அடக்கும் புகையிலை.. இவற்றை அரசுத் தபாலில் பொதுமக்களுக்கு அனுப்பத் தடை. 2020 டிசம்பரில் மின் சிகரெட்டையும் சேர்த்தார்கள்.

பைப் புகையிலை? சேர்க்கவில்லை. மூன்றாவது ஓட்டை.

1949, 2005, 2009, 2010.. ஒவ்வொரு முறையும் சட்டம் சிகரெட்டைக் குறிவைத்தது, பைப் பக்கமாக ஒரு சந்து விட்டது. பைப் பிடிப்பவர்கள் குறைவு என்பது ஒரு காரணம். "பைப் அவ்வளவு மோசமில்லை, தாத்தாக்கள் சமாச்சாரம்" என்ற 1964 நினைப்பு இன்னொரு காரணம் என்பது என் கணிப்பு. அந்த நினைப்பை ஊருக்குள் விட்டது நம்ம மருத்துவத் துறை.

19/
இப்போ நண்பனோட 8 டாலருக்கு வருவோம்.

மினசோட்டாவில் 2013 ஜூலை முதல் பைப் புகையிலைக்கு மாநில வரி, மொத்த விலையில் 95 சதவீதம். தென் கரோலினாவில் 5 சதவீதம்.

கணக்குக்கு ஒரு டப்பாவின் மொத்த விலை 8 டாலர்னு வைங்க. மினசோட்டா கடைக்காரர் வரியோடு சேர்த்து 15.60 டாலர் அடக்கம் ஆன பிறகுதான் வாடகை, கரண்டு, தன் சம்பளம் பற்றி யோசிக்கவே முடியும். வரி குறைந்த மாநிலத்தில் கிடங்கு வைத்திருக்கும் இணையக் கடைக்கு 8.40 டாலர்தான் அடக்கம்.

கடைக்காரர் கொள்ளையடிக்கல. இணையக் கடைக்காரர் மந்திரம் போடல. ரெண்டு மாநில வரிக்கு நடுவுல இருந்த இடைவெளி அது. வெளிமாநிலத்தில் வாங்குபவர் அந்த வரியைத் தானே போய்க் கட்டணும்னு பல மாநிலங்களில் விதி உண்டு. எத்தனை பேர் கட்டியிருப்பாங்கன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?

20/
2016 ஆகஸ்டில் இன்னொரு இடி. பைப் புகையிலையையும் எஃப்டிஏ தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. மருத்துவனாக எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதில் ஒரு விதி.. கடையில் தானே கலவை கலந்து விற்பவர் சட்டப்படி "உற்பத்தியாளர்". பெரிய தொழிற்சாலை போலப் பதிவு செய்யணும், புதுக் கலவைக்கு அனுமதி வாங்கணும் என்றார்கள்.

ஞாபகம் இருக்கா நம்ம கம்பவுண்டர்? ஒவ்வொருவர் ருசிக்கும் கலந்து பேரேட்டில் எழுதிய அந்தத் தொழில், மூலைக்கடைக்காரருக்குக் கடினமான ஒன்றாகிவிட்டது. கலவை போனால் கடைக்கும் இணையத்துக்கும் என்ன வித்தியாசம் மிச்சம்? ரெண்டு இடத்திலும் அதே டப்பா, வேற வேற விலை.

2018 ஜூனில் வேஃபேர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் குவில் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. அதன் பிறகு இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. ஆனால் அதற்குள் பல கடைகள் பூட்டியாகிவிட்டது.

21/
சரி டாக்டர், அப்போ கடைக்காரர் பாவம், அவர்கிட்டயே வாங்கலாம்னு சொல்ல வர்றீங்களா?

பொறுங்க. 2004-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் தரவுகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. 1,38,307 ஆண்கள். பைப் *மட்டும்* பிடித்தவர்களை, எந்தப் புகையிலையும் தொடாதவர்களோடு ஒப்பிட்டார்கள். இறப்பு அபாயம்:

நுரையீரல் புற்று: 5 மடங்கு
வாய், தொண்டைப் புற்று: கிட்டத்தட்ட 4 மடங்கு
உணவுக்குழாய்ப் புற்று: 2.4 மடங்கு
குரல்வளைப் புற்று: 13 மடங்கு

பதிமூன்று! சிகரெட்டை விட மொத்த அபாயம் குறைவு என்பது உண்மை. "பைப் சாதுவானது" என்பது உண்மை இல்லை. கடையில் 18 டாலருக்கு வாங்கினாலும் இணையத்தில் 10 டாலருக்கு வாங்கினாலும் குரல்வளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

22/
ஆனால் விலை ஒரு மருந்து மாதிரி. பணக்கார நாடுகளில் புகையிலை விலை 10 சதவீதம் ஏறினால் நுகர்வு சுமார் 4 சதவீதம் குறையும் என்பது உலக வங்கி 1999-லேயே சொன்ன கணக்கு. விலை இறங்கினால்? எதிர்த்திசையில் ஓடும்.

என் நண்பன் விஷயத்தில் அதுதான் நடந்தது. கடையில் வாங்கிய வரை மாதம் ரெண்டு டப்பா. ஆன்லைனில் "இத்தனை டாலருக்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம்". பத்து டப்பாவாக வர ஆரம்பித்தது. டப்பா வருஷக்கணக்கில் கெடாது, பழசானா ருசி கூடும் என்று பைப்காரர்கள் சேர்த்து வைப்பார்கள். பேஸ்மென்ட் அலமாரியில் 80 டப்பா. கண்ணெதிரே இருந்தா கை சும்மா இருக்குமா? நாளைக்கு ரெண்டு தடவை பிடித்தவன் ஆறு தடவை.

23/
2022. அவன் பைப்பின் வாய்முனை உடைந்துவிட்டது. அதை ஆன்லைனில் சரி பண்ண முடியாதே? அஞ்சு வருஷம் கழித்து அந்தப் பழைய கடைக்குப் போனான். கொஞ்சம் வெட்கத்தோடதான்.

பெரியவர் பைப்பை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு இவனையே பார்த்திருக்கிறார். "உன் குரலுக்கு என்ன ஆச்சு? எத்தனை நாளா இப்படி இருக்கு?"

வீட்டில் தினமும் கேட்பவர்களுக்குத் தெரியவில்லை. மெல்ல மெல்ல மாறியதால் அவனுக்கே தெரியவில்லை. நான்? வாட்ஸப்பில் குட் மார்னிங் அனுப்பிக்கொண்டிருந்தேன். அவன் குரலைக் கேட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது.

24/
அன்று இரவு போன் பண்ணினான். "ஹலோ" என்றதுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கம்மலான, காற்று கலந்த குரல். "ரெண்டு மாசமா தொண்டை கட்டின மாதிரி இருக்கு மாப்ள. குளிருன்னு நினைச்சேன்."

அடுத்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனான். குழாய் விட்டுப் பார்த்ததில் இடது குரல் நாணில் வெள்ளைத் தடிப்பு. பயாப்ஸி. ஆரம்பக் கட்டப் புற்றுநோய். குரல் நாணில் வருவதில் இருக்கும் ஒரே நல்ல விஷயம், அது சீக்கிரமே குரலை மாற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். முதல் கட்டத்தில் பிடித்தால் பெரும்பாலோருக்குக் குணமாகும். கதிரியக்க சிகிச்சை முடிந்து இப்போ நல்லா இருக்கான். பேசுறான். 80 டப்பாவும் குப்பைக்குப் போயாச்சு.

25/
இதில் நான் கற்றுக்கொண்டது..

2017-ல் அவன் கேட்டது விலை பற்றிய கேள்வி. ஆனால் ஒரு மருத்துவனுக்கு அது திறந்து கிடந்த கதவு. "எத்தனை தடவை பிடிக்கிற? உள்ளே இழுக்கிறியா? முன்னாடி சிகரெட் இருந்துச்சா? விடணும்னு எப்பவாவது தோணுச்சா?" நாலு கேள்வி. நான் கேட்கல. ஒரு வரியில் சாமர்த்தியம் காட்டிட்டுப் போயிட்டேன்.

நான் கேட்க வேண்டியதை, பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திய ஒரு புகையிலைக் கடைக்காரர் கேட்டார்.

26/
அதுக்காகப் புகையிலைக் கடைக்குக் கோயில் கட்டச் சொல்லல. அந்த நோயைப் பத்து வருஷம் டப்பா டப்பாவா வித்தவரும் அதே பெரியவர்தான். அவரே இவனிடம் அதைச் சொல்லி வருத்தப்பட்டாராம்.

ஆனால் கல்லாவுக்குப் பின்னால் ஒரு மனுஷன் இருப்பதில் ஒரு விஷயம் இருக்கு. அவர் வயசைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், "என்னப்பா இவ்ளோ வாங்குற?" என்று கேட்கவும் செய்வார். இணையம் "இன்னும் ரெண்டு சேர்த்தா டெலிவரி இலவசம்" என்று மட்டும்தான் கேட்கும்.

27/
ஆக, அவன் கேள்விக்கு என் தாமதமான பதில்:

கடைக்காரர் உன்னை ஏமாத்தல. நீயும் ஏமாளி இல்ல. விலை வித்தியாசம் வரிச் சட்டத்தோட ஓட்டை. அந்த ஓட்டை வழியா வந்த மலிவு விலை, உன் பாக்கெட்டுக்கு லாபம் மாதிரி தெரிஞ்சாலும் உன் தொண்டைக்கு நஷ்டம். புகையிலையை விட்டுரு. மனுஷனை விடாத.

ஹார்வர்டு வாசல் கடை இன்னிக்கும் ஓடுறதுல சதுரங்கப் பலகைக்கும் சவரச் சாமானுக்கும் பங்கு உண்டு. என் நண்பனும் இப்போ மாசம் ஒருதடவை அந்தப் பெரியவர் கடைக்குப் போறான். போன தடவை ஒரு செஸ் போர்டு வாங்கினானாம். முழு விலை கொடுத்து.

28/
படிக்கிறவங்களுக்கு மூணே விஷயம்:

பீடி, சிகரெட், சுருட்டு, பைப், ஹான்ஸ் எதுவா இருந்தாலும், பழக்கம் உள்ளவருக்கு 3 வாரத்துக்கு மேல் குரல் கம்மல் இருந்தால் குரல்வளையைப் பரிசோதித்தே ஆகணும். இருமல் மருந்து குடிச்சுக்கிட்டு நாள் கடத்தாதீங்க.

வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, விழுங்கும்போது வலி, கழுத்தில் கட்டி.. இதுக்கும் அப்படியே.

விடணும்னு நினைக்கிறவங்களுக்கு இந்திய அரசின் இலவச எண் 1800-11-2356. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு 1-800-784-8669.

ரொம்ப நாளா பேசாத நண்பனுக்கு இன்னிக்கு மெசேஜ் அனுப்பாதீங்க. போன் பண்ணுங்க. குரலைக் கேளுங்க.